விதைக்குள் இருக்கும் செய்தி கூடுமா?

(படிப்பு வட்டங்களுக்கான பாடம்)



மூதூர் கிழக்கில் கூடும் எமது படிப்பு வட்டம் ஒன்றிற்கு, பெரும்போக விதைப்புக்கு முன்னர், ஓர் இளைஞர் ஒரு துண்டுப் பிரசுரத்துடன் வந்தார். உயிர்களின் பரம்பரைத் தகவல் காலப்போக்கில் குறையலாம், பழுதடையலாம், ஆனால் இயற்கையாக நேரும் மாற்றங்களால் அது ஒருபோதும் கூடாது என்பது அதன் சாரம். "இது சரியா, சுவாமி?" என்று அவர் கேட்டார். நாம் பதில் சொல்லத் தொடங்குமுன், பின்னால் இருந்த முதியவர் ஒருவர் குறுக்கிட்டார்.

"கூடினால் என்ன, குறைந்தால் என்ன தம்பி? 2006 இல் நாங்கள் சம்பூரை விட்டு ஓடியபோது விதைநெல்லை அப்படியே போட்டுவிட்டுத்தான் ஓடினோம். பத்து வருடம் கழித்து வந்து பார்த்தால் விதையும் இல்லை, அதை வைத்திருந்த வீடும் இல்லை. இயற்கை புதிது புதிதாக உண்டாக்கும் என்றால், போன விதையும் ஒருநாள் தானாக வரும்தானே?"

அங்கே சிரிப்பொலி எழுந்தது. ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்பது எமக்கு அன்றிரவுதான் விளங்கியது. முதலாவது, செய்தி கூடுமா என்பது. இரண்டாவது, கூடுமென்றால் அது எங்கள் கைக்கு எட்டும் காலத்தில் கூடுமா என்பது. இரண்டையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

1. விதைக்குள் எழுதப்பட்டிருப்பது

ஒரு நெல்மணியை உடைத்துப் பார்த்தால் உமி, தவிடு, அரிசி, முளை ஆகியவை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த முளையின் ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. என்னும் மிக மெல்லிய நூலிழை உண்டு. அதில் நான்கே நான்கு எழுத்துக்களைக் கொண்டு ஒரு பெரிய செய்தி எழுதப்பட்டிருக்கிறது. நெல்லின் அந்தச் செய்தி முழுவதையும் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து வாசித்து 2005 இல் வெளியிட்டார்கள். அதில் ஏறத்தாழ 39 கோடி எழுத்துக்கள் உள்ளன. அவை 12 நிறமூர்த்தங்களில் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளன.

இச்செய்தியில் பொருள் தரும் ஒரு பகுதியைப் பரம்பரையலகு என்கிறோம். பொதுவாக ஒரு பரம்பரையலகு ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பாகும். எழுத்துக்கள் மூன்று மூன்றாக வாசிக்கப்படுகின்றன. எப்போது பூக்க வேண்டும், எவ்வளவு உயர வேண்டும், அரிசி சிவப்பா வெள்ளையா, பூச்சி கடித்தால் எவ்வாறு எதிர்க்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் இக்குறிப்புகளே அடிப்படை.

2. பிரதி எடுக்கும்போது நேரும் பிழை

கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது இந்த நூல் முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது. எழுதுவினைஞர் ஒருவர் காணி உறுதியைப் பிரதி பண்ணும்போது என்னென்ன பிழைகள் நேரக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறலாம். ஒரு சொல் விடுபடலாம். ஒரு சொல் புகுந்துவிடலாம். சிலவேளை ஒரு பந்தி முழுவதும் தவறுதலாக இரண்டு தடவை எழுதப்படலாம். டி.என்.ஏ.யிலும் இதே நான்கு வகைப் பிழைகளும் நேர்கின்றன. இவற்றையே விகாரம் என்கிறோம்.

பெரும்பாலான விகாரங்களால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பல தீங்கானவை. மிகச் சில மட்டுமே குறித்த ஓர் இடத்தில், குறித்த ஒரு காலத்தில் உதவுகின்றன. உதவுவது நிலைக்கிறது, கெடுப்பது மடிகிறது. களத்தில் பொலியைத் தூற்றும்போது காற்று பதரைக் கொண்டுபோக மணி நிலத்தில் விழுகிறதல்லவா? விகாரம் பொலியைக் குவிக்கிறது. வெள்ளமும் வரட்சியும் பூச்சியும் அதைத் தூற்றுகின்றன. இதை இயற்கைத் தெரிவு என்கிறோம். விகாரம் மட்டும் தனித்து நின்று எதையும் உருவாக்குவதில்லை. இவ்விரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

3. இழப்பால் வந்த நன்மையும் உண்டு

துண்டுப் பிரசுரத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. எமது நாட்டரிசியும் பெரும்பாலும் சிவப்பே. அப்படியானால் வெள்ளை அரிசி எங்கிருந்து வந்தது? 2006 இல் இதற்கு விடை கிடைத்தது. சிவப்பு நிறத்தை உண்டாக்கும் பரம்பரையலகில் 14 எழுத்துக்கள் விடுபட்டுப் போனதே காரணம். 14 மூன்றால் சரியாகப் பிரியாது. ஆகவே அதற்கப்பால் உள்ள எழுத்துக்கள் எல்லாம் இடம் தவறி, பொருளற்றுப் போயின. நிறம் செய்யும் வேலை நின்றது. உலகில் உண்ணப்படும் வெள்ளை அரிசியில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே இழப்பிலிருந்து வந்தது. பாசுமதியின் வாசனையும் அவ்வாறே. அங்கே ஒரு பரம்பரையலகில் 8 எழுத்துக்கள் குறைந்து, ஒரு நொதியம் செயலிழந்ததால் மணம் பிறந்தது.

மனிதர் விரும்பித் தெரிந்தெடுத்த குணங்களில் இப்படிப்பட்ட இழப்புகள் பல உள்ளன. ஆனால் "சில மாற்றங்கள் இழப்பு" என்பதிலிருந்து "எல்லா மாற்றங்களும் இழப்பு" என்று முடிவு செய்யலாமா? எமது வட்டையில் சில வரம்புகள் உடைந்துள்ளன என்பதற்காக வரம்பே இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

4. இரண்டு மண்வெட்டி உள்ள வீடு

அப்படியானால் செய்தி எவ்வாறு கூடும்? ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம்.

ஒரு வீட்டில் ஒரே ஒரு மண்வெட்டி இருக்கிறது. அதைக் கொல்லனிடம் கொடுத்து வேறொரு கருவியாக அடித்துத் தரும்படி கேட்க முடியுமா? முடியாது. மறுநாள் வரம்பு கட்ட எதுவும் இராது. அதே வீட்டில் இரண்டு மண்வெட்டிகள் இருந்தால்? ஒன்று வயலுக்குப் போகும். மற்றதை அடித்து, வளைத்து, தீட்டிப் பார்க்கலாம். பழுதாகிப் போனாலும் வீடு பட்டினி கிடவாது. நல்லதொரு புதுக் கருவியாக அமைந்துவிட்டால், நேற்று ஒரு வேலை செய்த வீடு இன்று இரண்டு வேலை செய்யும்.

பரம்பரையலகிலும் இதுவே நடக்கிறது. பந்தி இரண்டு தடவை எழுதப்படும் பிழையால் ஒரு பரம்பரையலகு இரண்டாகிறது. ஒரு பிரதி பழைய வேலையைத் தொடர்ந்து செய்கிறது. மற்றப் பிரதியில் எழுத்துக்கள் மாற இடமுண்டு. பல பிரதிகள் இவ்வாறு மாறிப் பயனற்றுப் போகின்றன. சில மட்டும் புதிய வேலை ஒன்றைக் கற்றுக்கொள்கின்றன. ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு ஓனோ 1970 இல் எழுதிய நூலில் இதை விரிவாக எடுத்துரைத்தார்.

சிலவேளைகளில் பிரதி மாறாமலே, எண்ணிக்கை கூடுவதாலேயே பயன் உண்டாகிறது. சோற்றை நன்றாக மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீரில் உள்ள ஒரு நொதியம் மாப்பொருளைச் சீனியாக்குவதே காரணம். அந்த நொதியத்தின் பரம்பரையலகு மனிதருக்கு மனிதர் வேறுபட்ட எண்ணிக்கையில் காணப்படுகிறது. மாப்பொருள் உணவை அதிகம் உண்டுவந்த மக்களிடம் சராசரியாகக் கூடுதலான பிரதிகள் இருப்பதாக 2007 இல் ஓர் ஆய்வு காட்டியது.

நிறமூர்த்தங்கள் முழுத்தொகுதியாகவே சேர்ந்துகொள்வதும் உண்டு. முகாமில் நாம் எல்லோரும் சுட்டுத் தின்ற நிவாரண மா ரொட்டியை மறந்திருக்கமாட்டீர்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி, சீனன்குடாவில் அரைபடும் கோதுமையின் கலத்தில் 42 நிறமூர்த்தங்கள் உண்டு. அதன் மூதாதையரான மூன்று புல்லினங்கள் ஒவ்வொன்றிலும் 14 மட்டுமே. அப்புற்கள் இயற்கையாகக் கலந்து, அவற்றின் தொகுதிகள் ஒன்றாகி, அதிலிருந்து ரொட்டிக் கோதுமை பிறந்தது.

5. வெள்ளத்தில் மூச்சடக்கும் நெல்

இப்போது எமது வயலுக்கே வருவோம்.

மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கும் இடத்தில் விவசாயம் செய்யும் எமக்கு வெள்ளம் புதிதல்ல. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கு மாகாணத்தையே மூடிய வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். சாதாரண நெல் தண்ணீருக்குள் மூழ்கினால் என்ன செய்யும்? மேலே எழும்பி மூச்சுவிட வேண்டுமென்று அவசர அவசரமாக நீளும். சேமித்து வைத்த மாச்சத்தை எல்லாம் செலவழித்துவிடும். தண்ணீர் வடியும்போது உடல் மெலிந்து சாய்ந்துவிடும். ஒரு கிழமை, பத்து நாளில் பயிர் முடிந்தது.

சில பழைய நெல்லினங்கள் அப்படிச் செய்வதில்லை. அவை மூழ்கியவுடன் வளர்ச்சியை நிறுத்தி, மூச்சடக்கிக் காத்திருக்கின்றன. இரண்டு கிழமை வரை தாக்குப்பிடித்து, தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கின்றன. இந்தியாவின் ஒடிசா மாநிலத்துப் பழைய நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ அவற்றுள் பேர்பெற்றது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெள்ளத்தைத் தாங்குபவை என்று இனங்கண்ட நெல்களில் எமது நாட்டினவும் உண்டு: கொட ஹீனட்டி, தவலு, குர்க்கறுப்பன். கடைசிப் பெயரைக் கேட்டாலே அது எம்மவர் நாவில் பிறந்த பெயர் என்று தோன்றுகிறதல்லவா?

எஃப்.ஆர். 13ஏ நெல்லின் இரகசியம் 2006 இல் வெளியானது. நெல்லின் ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் ஓர் இடத்தில் ஒன்றையொன்று ஒத்த பரம்பரையலகுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றுள் இரண்டு எல்லா நெல்லிலும் உண்டு. மூன்றாவதோ சில நெல்களில் மட்டுமே உண்டு. அதற்கு சப்1ஏ என்று பெயரிட்டார்கள். எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பக்கத்தில் உள்ள பரம்பரையலகு ஒன்று இரட்டித்ததாலேயே சப்1ஏ உண்டானது என்பது தெரிந்தது. அதாவது இது இரண்டாவது மண்வெட்டி. அதன் வேலை, மூழ்கிய பயிருக்கு "நீளாதே, பொறுத்திரு" என்று கட்டளையிடுவது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்றாவது பிரதி இருந்தால் மட்டும் போதாது. சில நெல்களில் அது சற்று வேறுபட்ட எழுத்துக்களோடு இருக்கிறது. அவற்றுள் பல வெள்ளத்தில் மடிகின்றன. ஆகவே முதலில் இரட்டித்தல், பின்னர் எழுத்து மாறுதல், அதன்பின் வெள்ளம் தூற்றுதல் என்ற மூன்று படிகளையும் இங்கே காண்கிறோம். ஜப்பான் போன்ற நாடுகளில் விளையும் யப்பொனிக்கா வகை நெல்லில் இப்பிரதியே இல்லை. ஒரு வகை நெல்லில் இல்லாத, பயன் தரும் ஒரு குறிப்பு இன்னொரு வகையில் புதிதாக இருக்கிறது. இதைச் செய்தி கூடியது என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

இந்தக் குறிப்பைச் சாதாரண கலப்பு முறையால் 'சுவர்ணா' என்னும் பிரபலமான நெல்லுக்குள் சேர்த்தார்கள். அவ்வாறு உண்டான நெல் 2009 இல் இந்தியக் கமக்காரருக்கு வழங்கப்பட்டது. ஆய்வுகூடம் அதை உண்டாக்கவில்லை. பழைய நெல்லில் இருந்ததைக் கண்டெடுத்துப் பரப்பியது, அவ்வளவுதான். அந்தப் பழைய நெல்லை யாரோ ஓர் ஏழைக் கமக்காரன் போகத்துக்குப் போகம் விதைத்து வைத்திராவிட்டால் கண்டெடுப்பதற்கும் எதுவும் இருந்திராது.

6. அறக்கொட்டியும் கற்றுக்கொள்கிறது

செய்தி கூடுவது எமக்கு நன்மையாகவே முடியும் என்று எண்ணிவிட வேண்டாம். எமது எதிரிக்கும் அதே சட்டம்தான்.

கபிலத் தத்தி என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லும் அறக்கொட்டியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நேற்றுப் பச்சையாக நின்ற கண்டம் இன்று நெருப்புப் பட்டதுபோல் வட்டமாகக் காய்ந்து கிடக்கும். 1990களிலிருந்து இதற்கு எதிராக இமிடாக்குளோபிறிட் என்னும் பீடைநாசினி ஆசியா முழுவதும் பெருமளவில் தெளிக்கப்பட்டது. 2000களின் நடுப்பகுதிக்குள் பல நாடுகளில் அம்மருந்துக்குத் தத்தி சாகவில்லை.

காரணத்தை 2018 இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. நஞ்சுகளை உடைக்கும் நொதியம் ஒன்றின் பரம்பரையலகு அப்பூச்சியில் இரட்டித்திருந்தது. ஒரு பிரதி பழையபடியே இருந்தது. மற்றப் பிரதியில் சில முக்கியமான இடங்களில் எழுத்துக்கள் மாறி, அது இமிடாக்குளோபிறிட்டை உடைக்கும் ஆற்றலைப் பெற்றிருந்தது. பழைய பிரதிக்கு அந்த ஆற்றல் இல்லை. இரண்டு மண்வெட்டிக் கதை இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது. இதில் வெள்ளத்தின் இடத்தில் நின்று தூற்றியவர் யார்? மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்த நாமே.

நுளம்பிலும் இதைக் கண்டார்கள். கலிபோர்னியாவில் பிடிக்கப்பட்ட கியூலெக்ஸ் நுளம்பு இனம் ஒன்றில், நஞ்சைத் தடுக்கும் ஒரு பரம்பரையலகு குறைந்தது 250 மடங்கு பெருகியிருந்ததை 1986 இல் அறிவித்தார்கள். கொழும்புக்கு அருகே பேலியகொடையில் பிடிக்கப்பட்ட அதே இன நுளம்புகளிலும் இத்தகைய பரம்பரையலகுகள் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது பின்னர் தெரியவந்தது.

தத்திக்கு எதிராகப் பயிரும் சும்மா இருக்கவில்லை. எமது நாட்டின் 'ரத்து ஹீனட்டி' என்னும் பழைய சிவப்பு நெல் தத்தியை எதிர்ப்பதில் உலகப் புகழ் பெற்றது. அதன் எதிர்ப்புச் சக்திக்குக் காரணம் ஒன்றையொன்று ஒத்த மூன்று பரம்பரையலகுகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்பதே என்று 2015 இல் கண்டறிந்தார்கள். மூன்றும் சேரும்போதுதான் எதிர்ப்பு முழுமை பெறுகிறது. 1973 இல் தத்தியை எதிர்க்கும் நெல்லாக வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 சில ஆண்டுகளிலேயே தத்தியிடம் தோற்றது. ரத்து ஹீனட்டியின் எதிர்ப்போ அதைவிட நெடுங்காலம் நிலைத்தது.

7. கண் முன்னே நடந்ததா?

"இவையெல்லாம் நடந்து முடிந்தபின் ஊகித்தவை. நடக்கும்போது பார்த்தவர் உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் றிச்சட் லென்ஸ்கி என்னும் விஞ்ஞானி 1988 இல் ஈ.கோலை என்னும் பற்றீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் புதுக் குடுவைக்கு மாற்றி, 500 தலைமுறைக்கு ஒரு தடவை ஒரு பகுதியை உறைய வைத்துப் பாதுகாத்தார். குடுவையில் சித்திரேற்று என்ற பொருளும் இருந்தது. காற்றுள்ள இடத்தில் இந்தப் பற்றீரியாவால் அதை உண்ண முடியாது. 31,000 தலைமுறைகளுக்குப் பின்னர் ஒரே ஒரு குடுவையில் அதை உண்ணும் பற்றீரியா தோன்றியது. இது 2008 இல் அறிவிக்கப்பட்டது.

உறைய வைத்த பழைய பிரதிகளை எடுத்து ஒப்பிட்டபோது காரணம் தெரிந்தது. டி.என்.ஏ.யின் ஒரு துண்டு இரட்டித்து, சித்திரேற்றை உள்ளே கொண்டுவரும் பரம்பரையலகின் இரண்டாம் பிரதி வேறோர் ஆளியின் பக்கத்தில் போய் அமர்ந்துவிட்டது. முன்னர் காற்றில் அணைந்து கிடந்தது இப்போது எரியத் தொடங்கியது. 12 குடுவைகளில் ஒன்றில் மட்டுமே இது நடந்தது என்பதையும், 31,000 தலைமுறைகள் சென்றன என்பதையும் மனதில் வைத்திருங்கள். முதியவரின் கேள்விக்கு வரும்போது இது தேவைப்படும்.

8. எழும் மறுப்புகள்

"பிரதி எடுப்பதால் செய்தி கூடாது. ஒரே பத்திரிகையை இரண்டு வாங்கினால் இரண்டு செய்தி கிடைக்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். பிரதி எடுத்த அன்று கூடவில்லை என்பது சரியே. ஆனால் ஒரு பிரதி மாறி, முன்னர் இல்லாத ஒரு வேலையைச் சொல்லத் தொடங்கும்போது, நூலில் இப்போது இரண்டு வேறு குறிப்புகள் இருக்கின்றன. பழையதும் அழியவில்லை.

"புதிதாக ஒன்றும் வரவில்லை, இருந்த எழுத்துக்கள்தானே மாறின?" என்பது இன்னொரு மறுப்பு. தமிழில் 247 எழுத்துக்கள் உண்டு. புதிய நூல் ஒன்றை எழுதுவதற்கு 248 ஆவது எழுத்து தேவைப்படுவதில்லை. இருக்கும் எழுத்துக்கள் புது ஒழுங்கில் சேர்ந்து புதுப்பொருள் தந்தால் அது புதிய செய்தியே.

"குருட்டுப் பிழை எவ்வாறு அறிவைத் தரும்?" என்பது மூன்றாவது மறுப்பு. பிழை மட்டும் தருவதில்லை. எந்தப் பிரதி வெள்ளத்தில் நிலைக்கிறது, எது மடிகிறது என்பதை வெள்ளமே தீர்மானிக்கிறது. ஆயிரம் வெள்ளங்கள் படிப்பித்த பாடமே அந்த நெல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

இவை விசுவாசத்துக்கு முரணா என்று சிலர் எம்மிடம் தனியாகக் கேட்டார்கள். பரம்பரை விதிகளை முதலில் கண்டவர் புறூண் நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்த அகுஸ்தீன் சபைத் துறவி கிரெகோர் மெண்டல். அவரது கட்டுரை 1866 இல் வெளியானது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996 இல் பாப்பரசரின் விஞ்ஞானக் கழகத்துக்கு விடுத்த செய்தியில், பரிணாமக் கோட்பாடு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று குறிப்பிட்டார். படைப்பு எவ்வாறு நடக்கிறது என்று ஆராய்வது படைத்தவரை மறுப்பதாகாது. எமது வட்டங்களில் இந்து, இஸ்லாமிய சகோதரரும் அமர்ந்திருக்கிறார்கள். வயலில் நடப்பதை வயலில் பார்த்து அறிவது எல்லோருக்கும் பொதுவானதே.

9. முதியவருக்குச் சொன்ன பதில்

அடுத்த கூட்டத்தில் அந்த முதியவரிடம் நாம் இவ்வாறு சொன்னோம்: "ஐயா, தம்பியின் பிரசுரம் தவறு. செய்தி கூடும். ஆனால் நீங்கள் நம்புவதுபோல் போன விதை திரும்பி வராது."

ஏனெனில் விகாரம் ஆளைப் பார்த்து வருவதில்லை, கேட்டுக் கொடுப்பதும் இல்லை. பயனுள்ள இரட்டிப்பு எப்போதாவது ஒரு தடவை, எங்கோ ஒரு செடியில் நேரும். பின்னர் அது எத்தனையோ தலைமுறை தூற்றப்பட வேண்டும். தத்திக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை. ஒரு பெண் தத்தி நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். வயல் முழுவதும் கோடிக்கணக்கில் பெருகும். ஆகவே அதற்கு வாய்ப்பு அதிகம். நெல்லுக்கோ பெரும்போகம் ஒன்று, தண்ணீர் இருந்தால் சிறுபோகம் ஒன்று. பற்றீரியாவின் 31,000 தலைமுறைகள் நெல்லுக்கு வேண்டுமானால், வருடம் இரண்டு போகம் செய்தாலும் 15,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

பூச்சியின் செய்தி எமது ஆயுட்காலத்திலேயே கூடுகிறது. பயிரின் செய்தி எமது ஆயுட்காலத்தில் குறையத்தான் முடியும், விதையை நாம் தொலைத்தால். வெள்ளத்துக்கு மூச்சடக்கவும் தத்தியை எதிர்க்கவும் நெல் கற்றுக்கொண்டதை ஒரே இரவில் விட்டுவிட்டு ஓடவேண்டிய நிலை எமக்கு ஏற்பட்டது. அது எமது குற்றமல்ல. திரும்பி வந்தபோது நிவாரணமாகக் கிடைத்த ஓரிரு இன விதைகளையே எல்லோரும் விதைத்தோம். அதுவும் அன்றைய நிலையில் தவிர்க்க முடியாததே. ஆனால் இனியும் அப்படியே இருந்துவிடலாமா?

முதியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அப்படியென்றால் எங்கள் சம்பந்தி வீட்டில் ஒரு மரைக்கால் பழைய நெல் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். நாம் எதிர்பார்த்ததைவிடச் சிறந்த பதில் அது.

10. நாம் செய்யக்கூடியவை

சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே உலர்வலயப் பயிர்களின் விதைகளைக் காக்கும் சர்வதேச நிலையம் ஒன்று இருந்தது. போர் வந்தது. அங்கிருந்தவர்களும் எம்மைப்போல் இடம்பெயர்ந்தார்கள். ஆனால் அவர்கள் விதைகளின் இரண்டாம் பிரதியை நோர்வே நாட்டின் ஸ்வல்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள பனிக் களஞ்சியத்தில் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். 2015 இல் அவற்றை மீளப்பெற்று லெபனானிலும் மொறோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். இரண்டாம் பிரதி இருந்ததால் பிழைத்தது. விதைக்குள்ளும் இதுதான் நியதி, விதைக்கு வெளியிலும் இதுதான் நியதி.

ஆகவே:

• பழைய நெல் கைப்பிடியளவு கிடைத்தாலும் வயலின் ஓர் ஓரத்தில் தனிப் பாத்தியில் விதையுங்கள். கலப்பன்களைக் களைந்து, நன்றாக முற்றிய கதிர்களைத் தெரிந்து விதைக்கு எடுங்கள்.

• விதையை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் வையுங்கள். பெயர், கிடைத்த ஊர், அறுத்த திகதி ஆகியவற்றை எழுதி உள்ளே இடுங்கள். பழைய விதை முளைதிறனை இழந்துவிடுவதால் தவறாமல் புதுப்பியுங்கள்.

• ஒரு வீட்டில் மட்டும் வைக்க வேண்டாம். வேறொரு கிராமத்தில் உள்ள உறவினரிடமும் பாதியைக் கொடுத்து வையுங்கள்.

• பேராதனை, கன்னொறுவையில் தாவர மரபு வளங்கள் நிலையம் உண்டு. பழைய இனங்கள் பற்றிக் கமநல சேவை நிலையத்தின் ஊடாகவும் விவசாயப் போதனாசிரியர் ஊடாகவும் அங்கு விசாரியுங்கள்.

• ஒரே பீடைநாசினியைப் போகத்துக்குப் போகம் தெளிக்க வேண்டாம். தேவையில்லாமல் ஆரம்பத்திலேயே தெளித்தால் தத்தியைத் தின்னும் சிலந்திகளே முதலில் சாகும். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுவதும் தத்தியைப் பெருக்கும்.

• வட்டை முழுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விதைத்து அறுங்கள். வட்ட விதானையும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கலாம். இடைவெளியின்றிப் பயிர் நின்றால் பூச்சிக்கு இடைவெளியின்றி உணவு கிடைக்கும்.

கலந்துரையாடலுக்கு

1. இடம்பெயர்வதற்கு முன் எமது ஊரில் விதைக்கப்பட்ட நெல்லினங்கள் எவை? முதியோரிடம் கேட்டுப் பட்டியல் ஒன்று தயாரிப்போம். ஒவ்வொன்றின் சிறப்பும் என்ன?

2. வெள்ளை அரிசியும் வெள்ளம் தாங்கும் நெல்லும் விகாரத்தால் வந்தவையே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

3. கடந்த ஐந்து போகங்களில் அறக்கொட்டிக்கு நாம் தெளித்த மருந்துகள் எவை? எந்த மருந்து முன்போல் வேலை செய்யவில்லை?

4. எமது விதையின் இரண்டாம் பிரதி இன்று யாருடைய வீட்டில் இருக்கிறது? இல்லையென்றால், வரும் போகத்தில் யாரிடம் கொடுத்து வைக்கப் போகிறோம்?